டேல் ஹூடாக்கின் நாற்பத்தொன்பது

டேல் ஹூடாக்கைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊரில் முதலில் போனைத்தான் எடுப்பார்கள். அந்த வீடியோ ஆறு விநாடி, ஒரு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தில் எடுத்தது. பந்து நகர்கிறது. டேல் தன் எதிரில் நிற்கிறவனை விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்புகிறான். அந்த ஆள் யார் கையும் படாமல் உள்ளே புகுந்து, பந்தை எறியப் போகிற எங்கள் குவார்ட்டர்பேக்கை அப்படியே தரையில் சாய்க்கிறான். காறை எலும்பு முறிந்தது. எங்கள் டீமுக்கு அந்த வருஷம் அதோடு முடிந்தது. பார்க்கிற எவனும் இந்தத் தடியன் என்னத்தைக் காவல் காத்தான் என்றுதான் கேட்பான்.

நான் அந்த டீமின் சாமான் அறையில் வேலை பார்க்கிறவன். பெயர் லூ. ஹெல்மெட், தோள்கவசம், ஷூ, சேறு பிடித்த ஜெர்சி எல்லாம் என் தலையில். டேல் எங்களிடம் இருந்த ஏழு வருஷமும் அவன் ஹெல்மெட்டுக்குள் மெத்தை வைத்துக் கொடுத்தவன் நான். ஆறு விநாடி பார்த்தவர்களைவிட அவனைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பாத்தியதை உண்டு.

அவன் ஊர் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம், ஆற்றோர இரும்பாலைப் பள்ளத்தாக்கு. அப்பா மிலன் ஹூடாக், முப்பத்தொரு வருஷம் ஆலையின் கரி அடுப்பில் வேலை பார்த்தவர். நுரையீரலை அங்கேயே கொடுத்துவிட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா டேலின் பள்ளிக்கூடக் காலத்திலேயே போய்விட்டாள். டேல் கோடையில் கூரை வேய்ந்து, மற்ற நாளில் ஃபுட்பால் விளையாடி வளர்ந்தான். கல்லூரி முடிந்து பெரிய டீம்கள் ஆள் பொறுக்கியபோது அவன் பெயரை எவனும் கூப்பிடவில்லை. பயிற்சிக்கு ஆள் குறைகிறதே என்று எங்கள் டீம் அவனைக் கூப்பிட்டது. இரண்டு வாரத்தில் துரத்திவிடுவார்கள் என்று நானே பந்தயம் கட்டித் தோற்றேன்.

முன்வரிசையில் ஐந்து பேர். நடுவில் சென்டர், அவனுக்கு வலப்பக்கம் டேல்; அந்த இடத்துக்குப் பெயர் வலது கார்டு. இந்த ஐந்து பேரும் பந்தைத் தொட மாட்டார்கள். பந்தை எறிகிறவனுக்கு எத்தனை எறிந்தான், பிடிக்கிறவனுக்கு எத்தனை பிடித்தான், ஓடுகிறவனுக்கு எத்தனை கஜம் என்று கணக்கு இருக்கும். முன்வரிசைக்காரனுக்கு ஒன்றும் கிடையாது. மிலன் அதைத்தான் குத்திக் காட்டுவார்.

"டிவில உன்னத் தேடிக் கண்ணு வலிக்குதுடா. நீ அங்க என்னதான் பண்ற?"

"எதிர்ல நிக்கிறவன உள்ள விடாம நிக்கிறேம்பா."

"அதுக்கு ஒரு கதவு போதுமே."

பிறகுதான் அந்த மதிப்பெண் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எங்கேயோ உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டத்தின் வீடியோவையும் ஓட்டி, ஒவ்வொரு நகர்விலும் ஒவ்வொரு ஆளுக்கும் கூட்டல் கழித்தல் போட்டு, வருஷக் கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வருஷம் டேலுக்கு எழுபத்தெட்டு. நாட்டில் உள்ள வலது கார்டுகளில் ஆறாவது இடம்.

மிலன் அந்தத் தாளை மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார். ஊரில் குடியேறிய ஸ்லோவாக்காரர்களின் சங்கத்து பாரில் ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து, கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் எடுத்துக் காட்டினார். மகனைப் பற்றி அவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வந்து ஊர்க்காரன் எவனும் அதுவரை கேட்டதில்லை. நானும் சும்மா இருக்கவில்லை. அதில் ஒரு நகல் எடுத்து உடை மாற்றும் அறையில் டேலின் அலமாரிக்கு மேலே ஒட்டினேன்.

டேல் அதைப் பார்த்துச் சிரித்தான். "இதுல பாதி பர்க்கோடதுய்யா."

பர்க் எங்கள் பழைய சென்டர். தன் வேலையையும் பார்த்துவிட்டு, போகிற போக்கில் டேலின் ஆளுக்கும் தோளால் ஒரு இடி கொடுத்துவிட்டுப் போவான். வீடியோவில் பார்த்தால் டேல் மலையைத் தள்ளியது போல இருக்கும்.

"அப்ப அந்தக் கம்பெனிக்கு எழுதிப் போடு, பாதியத் திருப்பி எடுத்துக்கங்கன்னு," என்றேன்.

"அப்பா பர்ஸ்ல இருக்கேய்யா," என்றான்.

அடுத்த வருஷம் பர்க்கின் முழங்கால் போயிற்று. அவன் இடத்துக்கு ஜெரட் மோப்லி வந்தான். ஜார்ஜியாக்காரன், இருபத்திரண்டு வயது, எருது மாதிரி பலம். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். எனக்கு 'மிஸ்டர் லூ', டேல் ஹூடாக்குக்கு மட்டும் செல்லமாக 'ஹூடி'. நல்ல பையன். ஆனால் சென்டரின் வேலை பலம் மட்டும் இல்லை. பந்தை நகர்த்துவதற்கு முன் எதிரிகள் நிற்கிற நிலையைப் பார்த்து, ஐந்து பேரும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவன்தான் கத்த வேண்டும். அந்த வருஷம் 'லிண்டா' என்றால் இடம், 'ரோசா' என்றால் வலம். அறுபதாயிரம் பேர் ஊளையிடும்போது, இரண்டு மூச்சு நேரத்தில் இதைச் செய்ய வேண்டும்.

முன்வரிசைக்கென்று இரண்டு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி வைத்ததில்லை. ஒன்று, சென்டர் கத்தினால் கத்தினதுதான். தப்பு என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்தப் பக்கமே திரும்ப வேண்டும். நாலு பேர் ஒரு பக்கமும் ஒருத்தன் ஒரு பக்கமும் போனால் நடுவில் லாரி போகிற வழி விழும். இரண்டு, யார் தப்பாகக் கத்தினான் என்பது அந்த ஐந்து பேரின் அறைக்கு வெளியே போகக் கூடாது. எவன் பக்கம் ஓட்டை விழுந்ததோ அவன் 'என் ஆள்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அந்த இலையுதிர் காலத்தில் மோப்லி ஒரு பத்து முறையாவது தப்பாகக் கத்தியிருப்பான். ஓட்டை பெரும்பாலும் டேல் பக்கம்தான் விழுந்தது.

டிசம்பரில் அந்த ஆட்டம். ஏரிக் காற்று தோலை உரித்தது. நான் மைதானக் கோட்டுக்கு வெளியே, பதினைந்தடி தூரத்தில், கையில் மாற்று ஹெல்மெட்டோடு நின்றேன். எதிரியின் ஆட்கள் வலப்பக்கம் குவிந்து நின்றது எனக்கே தெரிந்தது. டேல் தலையைத் திருப்பி மோப்லியைப் பார்த்தான். மோப்லி கத்தினான்: "லிண்டா, லிண்டா." டேல் ஒரு நொடி அப்படியே இருந்தான். பந்து நகர்ந்தது. தெரிந்தேதான் இடப்பக்கம் திரும்பினான்.

மீதியைத்தான் எல்லாரும் போனில் வைத்திருக்கிறார்களே.

ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறையில் மோப்லி ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். கழற்றினால் முகம் தெரிந்துவிடும். டேல் அவன் ஹெல்மெட் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு, மைக்குகளை நீட்டிக்கொண்டு நின்ற நிருபர்களிடம் போனான்.

"என்ன நடந்துச்சு டேல்?"

"என் ஆளு. நான் புடிச்சிருக்கணும்."

"யாராவது தப்பா கத்தினாங்களா?"

"நாந்தான் சொல்றேனே. என் ஆளுன்னு."

திங்கட்கிழமை காலை முன்வரிசைக் கோச் வீடியோவை ஓட்டி அவர் கணக்கை வாசித்தார். அவருக்குத்தான் யார் என்ன கத்தினான் என்று தெரியுமே. மோப்லிக்குக் கழித்தல். டேலுக்குக் கூட்டல், சொன்ன பக்கம் ஒழுங்காகத் திரும்பியதற்கு. காபி குடுவையை மாற்ற உள்ளே போன என் காதில் விழுந்தது. கணக்கு எழுதிய அந்தத் தாள் வெளியே போய்விடக் கூடாது என்பதால் செவ்வாய்க்கிழமை அதை அரைக்கும் மெஷினில் போடுவது வழக்கம். அது என் வேலை. அந்தச் செவ்வாயும் போட்டேன். டேல் சரியாக விளையாடினான் என்று உலகத்தில் இருந்த ஒரே காகிதம் நூல் நூலாகக் கூடையில் விழுந்தது. நான் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, துணி துவைக்கப் போய்விட்டேன்.

வருஷக் கடைசியில் கம்பெனியின் எண் வந்தது. டேலுக்கு நாற்பத்தொன்பது. ஐம்பத்தேழு வலது கார்டுகளில் ஐம்பத்திரண்டாவது இடம். மோப்லிக்கு அறுபத்தாறு. புது ஆளுக்கு இது நல்ல எண் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு டேல் வீட்டுக்குப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். எனக்குக் குடும்பம் இல்லை. வருஷா வருஷம் அங்கேதான் முட்டைக்கோஸ் சூப். மிலன் சங்கத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார். சூப்பைத் தள்ளி வைத்துவிட்டு நேரே கேட்டார்.

"டேய், நீ அவனத் தொடவே இல்லையேடா."

டேல் கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "இல்லப்பா," என்றான்.

"உன் ஆளா?"

"என் ஆளுதான்."

"நெஜமா சொல்லு. வேற எவனாச்சும் சொதப்பினானா?"

"என் ஆளுதாம்பா."

மிலன் தலையை ஆட்டினார். "சரி. ஒத்துக்கிட்டியே. அந்தமட்டுக்கும் நல்லது." பர்ஸை எடுத்து, மடித்த தாளை உருவி, அடுப்புப் பக்கத்துக் குப்பை வாளியில் போட்டார். கோபமாகப் போடவில்லை. பழைய ரசீதைப் போடுவது போலப் போட்டார்.

வெளியே வந்து கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டும்போது கேட்டேன். "அப்பாகிட்டயாவது சொல்லலாமேய்யா."

"ராத்திரிக்குள்ள சங்கத்துல சொல்லிருவாரு. காலைல ஊருக்கே தெரிஞ்சிரும். அந்தப் பையன் காலி."

"நீ காலியானா பரவால்லையா?"

"எனக்கு ஏழு வருஷம் ஆச்சுய்யா. அவனுக்கு ஒரு வருஷம்கூட முழுசா ஆகல."

ஜனவரியில் எங்கள் முதலாளி மேலே இருந்து கீழே வரை எல்லாரையும் மாற்றினார். கோச்சும் போனார். புதிதாக வந்தவர்கள் கோட்டு சூட்டு போட்ட ஆபீஸ்காரர்கள். அறையில் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. எண் தெரியும். மார்ச்சில் டேலைக் கூப்பிட்டு, நன்றி, வாழ்த்துகள் என்றார்கள். அவன் அலமாரியைக் காலி செய்ய நான்தான் அட்டைப் பெட்டி கொடுத்தேன்.

எனக்குப் பொறுக்கவில்லை. கம்பெனியைப் போனில் பிடித்தேன். நாலு பேரைத் தாண்டி, அந்த ஆட்டத்துக்கு எண் போட்ட ஆளே கிடைத்தான். நெப்ராஸ்காவில் பள்ளிக்கூட வாத்தியார், எண் போடுவது உபரி வேலை, பெயர் கென்ட். கடித்துக் குதறலாம் என்றுதான் கூப்பிட்டேன். ஆள் சாதுவாக இருந்தான்.

"மூணு தடவ பாத்தேன் சார். எனக்கப்புறம் இன்னும் ரெண்டு பேரு பாத்தாங்க. உள்ள என்ன கத்தினாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. நிக்கிறத வெச்சு ஊகிக்கிறோம். முக்கால்வாசி சரியாத்தான் வரும்."

"மிச்சக் கால்வாசி?"

"இதுல எனக்கே சந்தேகம் இருந்துச்சு. சென்டர் தப்பா திருப்பினானோன்னு எழுதிக்கூட வெச்சேன். அப்புறம் பேப்பர்ல உங்க ஆளே 'என் ஆளு'ன்னு சொல்லிட்டாரு. அவரே சொன்னதுக்கு மேல நான் என்ன போட முடியும்?"

நாங்கள் வாய்விட்டுச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எங்கள் ஆட்களிடையே என்ன அர்த்தம் என்று நெப்ராஸ்கா வாத்தியாருக்கு எப்படித் தெரியும். அவன் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டான்.

"கோச் ரெண்டு வரி எழுதிக் குடுத்தா மாத்திருவோம் சார். மாத்தியிருக்கோம்," என்றான். பழைய கோச்சைக் கூப்பிட்டேன். டேல் சரி என்றால் இன்றைக்கே எழுதுகிறேன் என்றார். டேலைக் கூப்பிட்டேன். அவன் கூரை மேல் இருந்தான். ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

"நாற்பத்தொம்பதுலேர்ந்து அந்தக் கழித்தல எடுத்து எங்க போடுவான்?" என்றான்.

"மோப்லி மேலதான்."

"அப்ப வேணாம்."

"டேய், முட்டாளாடா நீ?"

"எழுபத்தெட்டு வந்தப்ப பர்க்குக்குப் பாதி குடுங்கன்னு நீ போன் பண்ணலையே லூ." ஆணிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

ஜூலைக் கடைசியில் ஒரே ஒரு டீம் அவனைப் பார்க்கக் கூப்பிட்டது, தெற்கே. அங்கே முன்வரிசைக் கோச் எங்களிடம் ஒரு காலத்தில் விளையாடியவன். அவன் ஹெல்மெட்டுக்கும் நான்தான் மெத்தை வைத்தேன். டேல் ஒரு மணி நேரம் தள்ளி, இடித்து, ஓடிக் காட்டினான். முடிந்ததும் கோச் அவனைத் தனியாக உட்கார வைத்து அந்த வீடியோவைப் போட்டிருக்கிறான்.

"என்ன கத்தினாங்க இதுல?"

டேல் சொல்லியிருக்கிறான்: "என் ஆளு கோச்."

"எனக்குப் பாத்தா சென்டர் தப்பா திருப்பின மாதிரி இருக்கே."

"நான் புடிச்சிருக்கணும்."

அடுத்த வாரம் அவர்கள் வேறு ஒருவனை எடுத்தார்கள். நான் அந்தக் கோச்சுக்குப் போன் போட்டு, இருக்கிற வசவையெல்லாம் வைதேன். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"லூ, அந்தப் பையன் வேற ஒருத்தன் பேரச் சொல்லியிருந்தா அப்பவே எழுந்து போயிருப்பேன். சொல்லல. அதுக்காகவே எனக்கு அவன் வேணும்னு இருந்துச்சு. மேல போயி ரெண்டு தடவ கேட்டேன்."

"அப்புறம் என்ன கேடு?"

"எண்ணைக் காட்டினாங்க. எடுத்தவனுக்கு அறுபத்தொண்ணு."

இதை டேலிடம் சொன்னேன். "ரெண்டு தடவ கேட்டானா?" என்றான். செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கின, போன் வரவில்லை. முப்பத்தொரு வயதில் டேல் ஹூடாக் முழுநேரக் கூரைக்காரன் ஆனான்.

அந்த வருஷம் மோப்லி நன்றாகக் கற்றுக்கொண்டான். தப்பாகக் கத்துவது நின்றது. எழுபத்துநாலு வாங்கினான். ஆனால் என் கண்ணை நேரே பார்க்க மாட்டான். பிப்ரவரி மாதம் ஒரு நாள் சாமான் அறைக் கதவில் வந்து நின்றான்.

"மிஸ்டர் லூ, ஹூடியோட அப்பா வீட்டுக்கு என்னக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"எதுக்கு?"

"தூக்கம் வரல."

"ஹூடிகிட்டக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவாரு."

மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். மோப்லி ஜார்ஜியாவில் இருந்து அவன் அம்மா அனுப்பிய பீச் ஜாம் இரண்டு பாட்டில் எடுத்து வந்திருந்தான். சமையலறை மேசையில் மிலன் உட்கார்ந்திருந்தார், டேல் அவருக்கு உருளையை மாற்றிக்கொண்டிருந்தான். மோப்லியைப் பார்த்ததும் டேலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வேணாம்டா," என்றான்.

மோப்லி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னான். "மிஸ்டர் ஹூடாக், நாந்தான் அன்னிக்குத் தப்பா கத்தினேன். வலப்பக்கம்னு கத்தியிருக்கணும். இடப்பக்கம்னு கத்திட்டேன். ஹூடி நான் சொன்னதச் செஞ்சாரு. அவ்வளவுதான். அந்த வருஷம் பூரா அப்படித்தான் சார். அந்த நாற்பத்தொம்பது அவருதில்ல, என்னுது."

மிலன் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"உக்காருப்பா. எத்தன வயசு உனக்கு?"

"இருபத்திமூணு சார்."

"உங்கம்மா உன்ன நல்லா வளத்திருக்காங்க." கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கூட விளையாடினவனுக்காகப் பழியத் தூக்கிக்க இவ்ளோ தூரம் வந்திருக்க. எங்க அடுப்புலயும் அப்படிப் பசங்க இருந்தாங்க."

"நெஜம் சார். பழி இல்ல. மிஸ்டர் லூவக் கேளுங்க."

நான் வாயைத் திறந்தேன். மிலன் என்னைப் பேச விடவில்லை.

"லூ அவன் சிநேகிதன், அவன் அப்படித்தான் சொல்லுவான். தம்பி, நம்பர் இருக்கு. நம்பர விடு, எம்பையன் இதே மேசைல என் மூஞ்சியப் பாத்துச் சொன்னான். மூணு தடவ கேட்டேன், மூணு தடவயும் சொன்னான். அவன் எத விட்டாலும் விடுவான், எங்கிட்டப் பொய் மட்டும் சொன்னதே இல்ல. சின்ன வயசுலேர்ந்தே இல்ல."

மோப்லி டேலைப் பார்த்தான். "ஹூடி, சொல்லுங்க."

டேல் கழற்றின காலி உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லலாம். இனி சொன்னால் மோப்லிக்கு ஒன்றும் ஆகாது. ஒரே வார்த்தை. சொன்னால் அப்பாவுக்கு எழுபத்தெட்டு திரும்பி வரும், பொய் சொல்லாத மகன் போய்விடுவான். அவர் மகனைப் பற்றி இன்னமும் வைத்திருந்தது அது ஒன்றுதான். மிலன் அவனை ஏறிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், பதிலுக்காகக்கூட இல்லை, பதில் தெரிந்தவர் மாதிரி.

"நான் அன்னிக்குச் சொன்னதுதாம்பா," என்றான்.

"பாத்தியா," என்றார் மிலன் மோப்லியிடம், அன்பாக.

மோப்லி எழுந்து வெளியே போய் கார்ப் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றான். நானும் கோட்டை மாட்டினேன். மிலன் ஜாம் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நல்ல நிறம் என்றார். மூடியைத் திருகிப் பார்த்தார், முடியவில்லை. டேல் காலி உருளையைச் சுவர் ஓரம் சாய்த்து வைத்துவிட்டு, அப்பாவின் கையில் இருந்து அதை வாங்கித் திறந்தான்.